பச்சைகுத்தலும் நிலையான ஒப்பனையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒப்பனை என்பது இயல்பிலே நிலையற்றது. காலையிற் புனைந்து மாலையிற் களையத்தக்கது. கண்ணுக்கிட்ட மையும், நெற்றிக்கிட்ட குங்குமமும், அடிக்கிட்ட செம்பஞ்சுக் குழம்பும் நீர்பட்டால் நீங்கிவிடுவன. நாடோறும் புதுக்கவேண்டியிருப்பது ஒப்பனையின் குறையெனில், வேண்டாதபோது நீக்கிவிடலாம் என்பது அதன் பாதுகாப்பாகும். இக்குறையைப் போக்குதற்குப் புருவத்திலும் இமையின் விளிம்பிலும் இதழிலும் ஊசிகொண்டு நிறமேற்றும் முறையொன்று கடந்த சில பதிற்றாண்டுகளாக உலகெங்கும் பரவியுள்ளது. அதனை 'நிலையான ஒப்பனை' என வழங்குவர். பெயர் புதியது, அழகு நிலையத்தின் சூழலும் கருவியும் புதியன. ஆயினும், தோலைத் துளைத்து உள்ளே நிறத்தை இடும் செயல் மிகப் பழையது. தமிழர் பச்சைகுத்தல் எனக் கூறிவந்ததும் அதுவே. குறைநீங்கியபோது பாதுகாப்பும் உடன்நீங்கியது என்பதையும், அதன் விளைவுகள் யாவை என்பதையும் இவ்வழக்கத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பச்சைகுத்தலின் தொன்மைக்கு மனித உடல்களே சான்று பகர்கின்றன. 1991ஆம் ஆண்டு ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட அல்ப்ஸ் மலையின் பனிப்படலத்தில் ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதனொருவனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவ்வுடலில் 61 பச்சைக்குறிகள் எண்ணப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் சிறு கோடுகளாய், முதுகின் கீழ்ப்புறத்திலும் முழங்காலிலும் கணுக்காலிலும் அமைந்துள்ளமையால், நோவு தணிக்கும் பொருட்டு இடப்பட்டவையாகலாம் என ஆய்வாளர் கருதுவர். எகிப்திலே 1891இல் கண்டெடுக்கப்பட்ட, ஹாதோர் தெய்வத்தின் பூசகியான அமுனெற் என்பாளின் பதப்படுத்தப்பட்ட உடலிலும் புள்ளிகளாலான குறிகள் காணப்பட்டன. அழகு, மருத்துவம், சமயம் எனும் மூன்றும் இக்கலையிலே தொடக்கந்தொட்டே பின்னிக்கிடந்தன என்பது இவற்றாற் புலனாகும்.

பண்டைத் தமிழரிடையே உடலிற் கோலமிடும் வழக்கம் இருந்தமைக்குத் தொய்யில் சான்றாகும். சந்தனம் முதலியவற்றின் குழம்பினால் மகளிரின் மார்பிலும் தோளிலும் எழுதப்பட்ட தொய்யிலைக் கலித்தொகை முதலிய நூல்கள் குறிப்பிடுகின்றன. தொய்யில் எழுதப்படுவது, ஆதலின் அழியக்கூடியது. பச்சையோ குத்தப்படுவது. எழுதுதல், குத்துதல் எனும் இவ்விரு வினைச்சொற்களுமே இருவகை ஒப்பனைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றன.

தென்னிந்தியாவிற் பச்சைகுத்தும் தொழிலைப் பெரும்பாலும் குறவர் குலப் பெண்டிரே செய்துவந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்கார் தேர்ஸ்டன் 1906லும் 1909லும் வெளியிட்ட தம் நூல்களில் இத்தொழிலையும் விவரித்துள்ளார். மஞ்சளையும் அகத்தியிலையையும் துணியிற் சுற்றித் திரியாக்கி, விளக்கிலிட்டு எரித்து, மேலே கவிழ்த்த மட்கலத்திற் படியும் கரியைச் சுரண்டியெடுத்துக் குழைப்பர். ஒன்றாகக் கட்டிய சில ஊசிகளால் அக்குழம்பைத் தோலிற் குத்துவர். ஊர் ஊராகச் சென்று தொழில் செய்த இப்பெண்டிர், குத்துண்ணும் சிறுமியர் நோவை மறத்தற்பொருட்டுப் பாட்டுப் பாடுவதும் உண்டு. கூலி பெரும்பாலும் தானியமும் சில காசுகளுமே. கோலம், தேள், மீன், உறவினர் பெயர் என வடிவங்கள் பலவாயின. பிரித்தானியர் காலத்திலே தமிழகத்திலிருந்து இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கு வந்த மக்களுடன் இவ்வழக்கமும் வந்தது. மலையகத்து மூதாட்டியரின் முன்கைகளிற் காணப்பட்ட பச்சைகள் அதன் எச்சங்களாகும்.

கரியைக் குத்தி அதனைப் பச்சை என்பதேன் எனும் வினா இயல்பாகவே எழும். கரிய துகள்கள் தோலின் ஆழத்தில் தங்கும்போது, மேலேயுள்ள தோலானது ஒளியைச் சிதறச் செய்கின்றது. அச்சிதறலினால் கருமை நீலமும் பச்சையுமாகத் தோற்றுகின்றது. நம் முன்னோர் இட்ட பொருளைக் கொண்டன்றித் தோன்றிய நிறத்தைக் கொண்டே பெயரிட்டனர் போலும். இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. இன்று கபில நிறமாகத் தீட்டப்பெற்ற புருவங்கள் சில ஆண்டுகளிற் சாம்பல் நீலமாக மாறுவதற்கும் இவ்வொளிச் சிதறலே ஒரு காரணமாகும். இட்ட நிறம் வேறு, நிலைக்கும் நிறம் வேறு என்னும் அறிவு அச்சொல்லிலேயே அடங்கிக்கிடக்கின்றது.

தமிழ்ப் பெண்டிருள் நெற்றியிலே பொட்டையும் மோவாயிலே புள்ளியையும் பச்சையாகக் குத்திக்கொண்டோர் உளர். இன்றைய நிலையான ஒப்பனைக்கு நம்மிடையே மிக நெருங்கிய முன்னோடி இப்பச்சைப்பொட்டேயாம். கணவன் இறந்தபின் பெண் குங்குமத்தைத் துறக்கவேண்டும் என விதித்த சமூகத்தில், துறக்கவியலாத பொட்டாக அது நின்றது. சமூகம் ஒப்பனையை விலக்கியபின்னும் உடல் அதனைத் தாங்கிக்கொண்டேயிருந்தது. குறி நிலைத்து நிற்க அதன் பொருள் மாறிவிடும் இந்நிலை பல நாடுகளின் வரலாற்றிலும் இன்னும் பெரிய அளவிலே நிகழ்ந்துள்ளது. அவற்றுள் யப்பானின் வரலாறு விரிவாக நோக்கற்பாலது.

யப்பானின் வடபகுதியில் வாழும் ஐனு மக்களிடையே பெண்டிரின் இதழைச் சுற்றிப் பச்சைகுத்தும் வழக்கம் இருந்தது. பூர்ச்ச மரப்பட்டையை எரித்துக் கலத்தின் அடியிற் படிந்த கரியை எடுத்துக்கொள்வர். கூரிய சிறு கத்தியாற் கீறிய இடத்தில் மூத்த பெண்டிர் அதனைத் தேய்ப்பர். சிறுபருவத்திலே மேலுதட்டிற் சிறு புள்ளியாகத் தொடங்கும் இக்குறி, ஆண்டுதோறும் விரிந்து மணப்பருவத்தில் நிறைவுறும். அது நிறைவுபெறாத பெண் மணத்திற்கு உரியவளல்லள் என்று கருதப்பட்டது. 1871ஆம் ஆண்டு யப்பானிய அரசின் குடியேற்ற நிர்வாகம் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. சட்டத்தினால் இனிக் குத்துவதைத் தடுக்க முடிந்ததேயன்றிக் குத்தப்பட்ட முகங்களை மாற்ற முடியவில்லை. மணமகளின் பெருமையாயிருந்த குறி, அவளது வாழ்நாளிலேயே நாகரிகமின்மையின் அடையாளமாகப் பிறராற் சுட்டப்பட்டது. தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவுகளில் மகளிரின் புறங்கைகளிற் குத்தப்பட்ட 'ஹஜிச்சி' எனும் குறிகளும் 1899இல் தடைசெய்யப்பட்டன. அதன்பின் அப்பெண்டிர் பலர் அயலார் முன்னிலையிற் கைகளை மறைத்துக்கொண்டனர்.

இதற்கு எதிர்மாறான மாற்றமும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரிப் பெண்டிர் மோவாயிலும் இதழிலும் குத்திக்கொள்ளும் 'மொக்கோ' குடியேற்ற ஆட்சிக் காலத்திலே தாழ்வுற்று அருகியது. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் அது இனமாண்பின் சின்னமாக மீண்டும் தழைத்தது. 2016இல் தம் மோவாயில் மொக்கோ குத்திக்கொண்ட பாராளுமன்ற உறுப்பினரான நனாயா மகுற்றா 2020இல் அந்நாட்டின் வெளிநாட்டமைச்சரானார். இழிவெனப்பட்டது பெருமையாகவும், பெருமையெனப்பட்டது இழிவாகவும் மாறவல்லது. இம்மாற்றம் குத்திக்கொண்டவரின் விருப்பத்தைக் கேட்டு நிகழ்வதன்று.

ஒரே கருவி அழகுக்கும் அவமானத்துக்கும் பயன்பட்டமைக்கு இந்தியா சான்று தருகின்றது. வட இந்தியப் பெண்டிரின் பச்சையணி 'கோத்னா' எனப்படும். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில், 1797ஆம் ஆண்டின் வங்காளச் சட்டவிதியொன்றின்படி குற்றவாளிகளின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சைகுத்தும் தண்டனையும் அதே பெயராலேயே வழங்கிற்று. 1849இல் அத்தண்டனை ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்டது தண்டனையேயன்றி, ஏற்கெனவே குத்தப்பட்ட நெற்றிகளின் எழுத்தன்று. தலைப்பாகையை இறக்கிக் கட்டி அதனை மறைத்து வாழ்ந்தோர் உளர்.

ஐரோப்பாவின் போக்கு இவற்றினின்றும் வேறானது. 1769இல் கப்ரன் குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தபின், அம்மக்களின் 'தத்தவ்' எனும் சொல்லே ஆங்கிலத்திற் பச்சைகுத்தலுக்குப் பெயராயிற்று. அங்கு இது நெடுங்காலம் மாலுமிகளுக்கும் போர்வீரருக்கும் உரியதெனக் கருதப்பட்டது. ஆயினும் மருத்துவர்கள் இதனை வேறொரு நோக்கிற் கையாண்டனர். கண்மணியில் விழுந்த வெண்தழும்புக்கு நிறமூட்டும் முறையை கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கலென் குறிப்பிட்டுள்ளார். 1869இல் வொன் வெக்கர் எனும் கண்மருத்துவர் கரிமையை ஊசியாற் குத்தி அதனைப் புதுமுறையில் மீட்டார். பிறவியிலமைந்த செந்நிறப் படைகளைத் தோல்நிறக் குத்தலால் மறைக்க 1835இல் ஜேர்மனிய மருத்துவர் பௌலி முயன்றார். அவர் பயன்படுத்தியவை இரசமும் ஈயமும் கலந்த நிறங்கள் என்பது இன்று நம்மைத் திடுக்கிடச் செய்யும். குறையை மறைக்கும் நோக்கம் நன்றாயினும், உள்ளே இடப்படுவது யாது எனும் வினா அன்றே எழுந்திருக்கவேண்டும்.

அழகுக்கலையாக இது வளர்ந்தமைக்கு மின்சாரம் துணைசெய்தது. 1876இல் எடிசன் காப்புரிமை பெற்ற மின்பேனாவின் தத்துவத்தைத் தழுவி, 1891இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓறைலி பச்சைகுத்தும் மின்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். நூற்றுக்கணக்கான முறை கையாற் குத்தவேண்டியதைப் பொறி விரைவாகவும் சீராகவும் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனிலே சதர்லன்ட் மக்டொனல்ட் என்பார் மகளிரின் கன்னங்களுக்கு நீங்காத இளஞ்சிவப்பு நிறமூட்டினார். 1930களில் ஜோர்ஜ் பேச்சற் எனும் பச்சைகுத்துநர் இதழ், கன்னம், புருவம் ஆகியவற்றுக்கு நிறமேற்றுவதிற் பெயர்பெற்றார். அவர் தம் நினைவுக்குறிப்புகளிற் கூறும் செய்தியொன்று இவ்வரலாற்றின் மையம் எனத்தகும். அழகு நிலையங்கள் பல, பச்சைகுத்தல் எனும் சொல்லையே கூறாது, தோலின் மேற்படையின்கீழ் தாவரச் சாயம் ஏற்றும் மேனிச் சிகிச்சை எனக் கூறி இதனைச் செய்தன. தமக்குப் பச்சைகுத்தப்பட்டது என்பதை அறியாமலேயே பெண்டிர் பலர் அதனைத் தாங்கிச் சென்றனர்.

பெயரை மறைக்கும் இப்போக்கு முடிந்துவிடவில்லை. 1984இல் ஜியோரா அங்கிரஸ் எனும் அமெரிக்கக் கண்மருத்துவர் இமைவிளிம்பில் நிறமேற்றும் முறையை மருத்துவ ஏட்டில் வெளியிட்டபின், இது மருத்துவ மதிப்பையும் பெற்று விரைந்து பரவியது. கைநடுக்கத்தினாலோ மூட்டுவாதத்தினாலோ மை தீட்டவியலாதவர்க்கு அது உண்மையான உதவியாயிற்று. காலப்போக்கில் நுண்ணிறமேற்றல், அரைநிலை ஒப்பனை, நுண்கீற்றுப் புருவம் எனப் பெயர்கள் பெருகின. நுண்கீற்று முறையிற் பயன்படுவது, வரிசையாகப் பிணைக்கப்பட்ட நுண்ணூசிகள் கொண்ட கைக்கருவியே. குறத்தியர் கட்டிய ஊசிக்கும் இதற்கும் நேர்த்தியிலும் தூய்மையிலும் வேறுபாடு உண்டு, தத்துவத்தில் வேறுபாடில்லை. பெயர்கள் யாவும் மறைப்பது ஒன்றையே: இது தோலைத் துளைத்து அயற்பொருளை உடலினுள் நிறுத்தும் செயல் என்பதை.

அப்பொருள் எவ்வாறு நிலைக்கின்றது? மேற்றோல் ஓயாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அதன் கீழுள்ள உட்டோலிற் படியும் துகள்களே நெடுங்காலம் தங்கும். உடலானது அவற்றைப் பகையெனக் கொள்ள, விழுங்குகலங்கள் அவற்றை உட்கொள்கின்றன. அக்கலங்கள் இறக்கும்போது வெளிப்படும் நிறத்தைப் புதிய கலங்கள் மீண்டும் விழுங்குகின்றன என்பதை 2018இல் பிரான்சிய ஆய்வாளர் எலிகளிற் செய்த சோதனைகளாற் காட்டினர். ஆகவே பச்சை என்பது உலர்ந்த எழுத்தன்று; உடல் முடிவின்றி நடத்தும் போராட்டத்தின் தடமாகும். ஒரு பகுதித் துகள்கள் நிணநீர்க் கணுக்களையும் சென்றடைகின்றன. ஒப்பனைக்கான நிறம் ஆழம் குறைவாக ஏற்றப்படுவதால் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் மங்குவதும், மீண்டும் குத்தவேண்டுவதும் உண்டு. ஆயின் மங்குதல் வேறு, மறைதல் வேறு. முழுவதும் போகாது எஞ்சும் நிறம் மாறியும் பரவியும் நிற்கக்கூடும். 'நிலையான' எனும் அடைமொழி அழகைக் குறித்தமட்டிற் பொய். குறியைக் குறித்தமட்டில் மெய்.

லேசர் கதிரினால் எதனையும் அழித்துவிடலாம் எனும் நம்பிக்கையும் ஆராயத்தக்கது. புருவ, இதழ் நிறங்களிற் பெரும்பாலும் இரும்பொட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் கலந்திருக்கும். இவை சில லேசர் கதிர்கள் பட்டவுடன் இரசாயன மாற்றமடைந்து கறுத்துவிடும் என்பதை 1993இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. இளஞ்சிவப்பு இதழ்நிறத்தை நீக்கப்புகுந்து கருநிற இதழைப் பெறும் இடர் இதனாலேயே நேர்கின்றது. நீக்குதற்கு முன் மறைவான சிறு இடத்திற் சோதித்தறிய வேண்டுமென மருத்துவர் கூறுவதன் காரணமும் இதுவே.

நிறப்பொருள்களின் பாதுகாப்பை அரசுகள் காலந்தாழ்த்தே கவனித்தன. தோலினுள் ஏற்றுவதற்கென எந்த நிறப்பொருளையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்ததில்லை. 2003, 2004ஆம் ஆண்டுகளில் குறித்த சில நிலையான ஒப்பனை நிறங்களால் வீக்கம், வெடிப்பு, தழும்பு முதலியன உண்டாயின என 150க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் அதனிடம் சென்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரி முதல் பச்சைமைகளில் ஆயிரக்கணக்கான இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியது. ஒவ்வாமை உடனே தோன்றவேண்டுமென்பதில்லை. ஆண்டுகள் கழிந்தும் தோன்றலாம். இரும்பு கலந்த நிறமுடையோருட் சிலருக்குக் காந்தப் பரிவுப் படம் எடுக்கையில் அவ்விடத்தில் வீக்கமோ எரிவோ உண்டாவதுண்டு. அது அரிதே, ஆதலின் வேண்டிய பரிசோதனையைத் தவிர்த்தல் தகாது, மருத்துவரிடம் முன்கூட்டியே கூறிவிடுதல் போதுமானது. ஊசியின் தூய்மையும் இத்தகையதே. ஈரலழற்சி பரவியமையைக் காட்டி நியூயோர்க் நகரம் 1961இல் பச்சைகுத்தலைத் தடைசெய்து, 1997 வரை அத்தடையை நீக்காதிருந்தது.

குத்துதற்குரியவர் யார் எனும் வினாவுக்கு நாடுகள் அளித்த விடைகளும் ஒருதன்மையன அல்ல. தென்கொரியாவின் உயர் நீதிமன்றம் 1992இல், புருவத்திற் குத்தியமை பற்றிய வழக்கொன்றிலேயே, பச்சைகுத்தல் மருத்துவச் செயல் எனத் தீர்ப்பளித்தது. மருத்துவரல்லாதோர் குத்துவது அதனாற் குற்றமாயிற்று. ஆயினும் அந்நாட்டிலே புருவப்பச்சை மிகப் பரவலாக மறைவிடங்களில் நடந்துகொண்டேயிருந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து 2025 செப்டெம்பரிலேயே, பச்சைகுத்துநர்க்கு உரிமம் வழங்கும் சட்டத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. யப்பானின் உயர் நீதிமன்றம் 2020இல் பச்சைகுத்தல் மருத்துவச் செயலன்று எனத் தீர்த்தது. முற்றாகத் தடுத்தால் தொழில் இருளிற் புகும். முற்றாக விட்டால் உடல் காப்பின்றி நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி பயிற்சியும் உரிமமும் கண்காணிப்புமே என்பதை இவ்வனுபவம் உணர்த்துகின்றது.

இவற்றைக் கொண்டு நிலையான ஒப்பனை தீயதெனத் துணிதல் பொருந்தாது. நோயினால் புருவமயிர் உதிர்ந்தோர்க்கும், தீக்காயத் தழும்புடையோர்க்கும், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின்பின் இழந்த வடிவத்தை மீட்க விரும்புவோர்க்கும் இக்கலை ஆறுதலளித்து வருகின்றது. அழகுக்காகவே விரும்புவோரின் உரிமையையும் எவரும் மறுத்தற்கில்லை. ஆயின் புருவத்தின் அழகு காலந்தோறும் மாறுவது. 1930களில் மேனாட்டு மகளிர் இழைபோல் மெலிந்த புருவத்தை விரும்பினர். இருபத்தோராம் நூற்றாண்டின் இரண்டாம் பதிற்றாண்டில் அடர்ந்த புருவம் விரும்பப்பட்டது. முகமும் வயதுக்கேற்பத் தளரும். ஒரு காலத்தின் விருப்பத்தை மறு காலத்தின் முகத்தில் எழுதிவைப்பதே இம்முறை.

முடிவாக நோக்குமிடத்து, பச்சைகுத்திய பாட்டியையும் புருவத்திற் குத்திய பேத்தியையும் பிரிப்பது நாகரிகமன்று, அறிதலேயாம். குறத்தி தன் தொழிலை அதன் உண்மைப் பெயராலேயே அழைத்தாள். பச்சை அழியாது என்பதைக் குத்துவோரும் குத்துண்போரும் அறிந்திருந்தனர். ஆயின் மறுத்துரைக்கும் உரிமை அச்சிறுமிக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. இன்றைய பெண்ணுக்கு அவ்வுரிமை உண்டு. உண்மைப் பெயரே அவளிடமிருந்து மறைக்கப்படுகின்றது. இடப்படும் பொருள் யாது, குத்துவோர் யார், நிறம் மாறினும் மனம் மாறினும் நீக்கவியலுமா எனும் மூன்று வினாக்களுக்கும் விடைபெற்றபின் இணங்குவதே உண்மையான இணக்கமாகும். அறியாது இணங்கிய ஒப்பனை, இலண்டன் அழகு நிலையங்களில் 1930களில் நிகழ்ந்ததைப் போன்று, பிறர் நம்மீது எழுதிய எழுத்தாகவே எஞ்சும்.